நாவலில் விழுந்த மரம்

கடைசிப் படம் முடிந்து திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியபோது இரவு பதினொன்றரை ஆகியிருந்தது. கோத்தகிரியில் ஜனவரி இரவு, வெளியே புல்மேல் உறைபனி படியும் நேரம். அக்கா வீட்டு ஹாலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். வாரத்துக்கு ஒன்றாக மூன்று சனிக்கிழமைகளில் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்கள் மூன்றையும் பார்த்து முடித்திருந்தோம். ஆங்கிலம் பிடிபடாத இடங்களில் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அக்கா மகன் எழுந்து நின்று கைதட்டினான். அவன் இதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பான். அக்காவுக்கு ஒரே குறைதான். "முடிஞ்சிருச்சுன்னு நாலு தடவ எந்திரிக்கப் போனேன், மறுபடி மறுபடி ஆரம்பிக்குது" என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பட்டாளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர், எதையும் உடனே சொல்லிவிட மாட்டார். எனக்கு, முதன்முதலில் பார்த்த நாளில் இருந்த அதே வருத்தம் அப்படியே இருந்தது. நாவலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தைப் படம் அடியோடு விட்டுவிட்டது.

நான்கு பேருக்கு நான்கு விதம். உலகம் முழுக்க இந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குள்ளும் இதேதான் நடந்தது. 2001, 2002, 2003 ஆண்டுகளின் டிசம்பர் மாதங்களில் வந்த படங்கள் இவை. மூன்றாவது படம் பதினொரு ஆஸ்கர் பிரிவுகளில் போட்டியிட்டுப் பதினொன்றையும் வென்றது. ஆனால் நாவலை எழுதிய டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர், அப்பாவின் கையெழுத்துப் பிரதிகளைத் தொகுப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர், 2012இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில், புத்தகத்தின் குடலை உருவி இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்ற பொருளில் கசந்து பேசினார். அவ்வளவு பெரிய வெற்றிக்கும் இவ்வளவு பெரிய கசப்புக்கும் காரணம் ஒரே படம். "படித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, படிக்காதவர்களுக்குப் பிடித்தது" என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. படித்தவர்களிலேயே படத்தைக் கொண்டாடியவர்கள் ஏராளம்.

முதலில் நாவலைப் பற்றிக் கொஞ்சம். 1954, 1955இல் மூன்று பாகங்களாக வந்தது. ஷயர் என்ற பசுமையான ஊரில் வாழும் ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்களில் ஒருவன் ஃப்ரோடோ. தீமையே உருவான ஒரு மோதிரம் அவன் கைக்கு வருகிறது. அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போட்டால்தான் அழியும். தோட்டக்காரன் சாமுடன் அவன் நடந்தே போகிறான். செப்டம்பர் 23இல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் மார்ச் 25இல் எரிமலை உச்சியில் நிற்கிறான். ஆறு மாத நடை. நாவலின் பெரும்பகுதி இந்த நடைதான். எந்த மேட்டில் ஏறினார்கள், எந்த ஓடையில் தண்ணீர் பிடித்தார்கள், மழை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று டோல்கீன் சொல்லிக்கொண்டே போவார். சமவெளி நண்பர்கள் சிலருக்கு அது அலுப்பு. பேருந்து போகாத ஊர்களுக்குத் தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு அலுக்காது. மலையில் தூரம் என்பது கிலோமீட்டரில் இல்லை, மூச்சில்தான் இருக்கிறது.

படத்துக்கு அந்த வசதி கிடையாது. திரையரங்கில் ஓடிய மூன்று படங்களையும் கூட்டினாலே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதிலும் நடையைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். முதலில் பேசிய தயாரிப்பு நிறுவனம் முழுக் கதையையும் ஒரே படத்துக்குள் அடக்கச் சொன்னதாம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் வேறு நிறுவனத்திடம் போனார், அங்கேதான் மூன்று படமாக எடுக்கலாம் என்றார்கள். இந்தப் பின்னணி தெரிந்த பிறகு, டாம் பாம்படில் என்ற பாடித் திரியும் வனவாசி படத்தில் இல்லையே என்று நான் வருத்தப்படுவதை நிறுத்திவிட்டேன். அவர் வரும் மூன்று அத்தியாயங்களை எடுத்துவிட்டாலும் கதை நிற்கிறது.

ஆனால் சில மாற்றங்கள் நேரத்துக்காகச் செய்தவை இல்லை. வயதை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் ஃப்ரோடோவுக்கு மோதிரம் கிடைக்கும்போது 33 வயது. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அதே வீட்டில், அதே தோட்டத்தில் வாழ்ந்துவிட்டு ஐம்பதாவது வயதில்தான் கிளம்புகிறான். படத்தில் இந்தப் பதினேழு வருஷம் சில மாதங்கள் போலக் கடந்துவிடுகிறது. நடித்தவரோ படப்பிடிப்பு தொடங்கியபோது இருபதுகூட நிரம்பாதவர். ஐம்பது வயது ஆள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குவதற்கும் ஒரு பையன் சாகசத்துக்குக் கிளம்புவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இருபது வயதில் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது. படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதும் இந்த ஒரு மாற்றத்திலேயே தெரிந்துவிடுகிறது.

ஃபாரமிர் விஷயமும் அப்படித்தான். நாவலில் அவன் மோதிரத்தின் மேல் ஆசைப்படாத வீரன், வழியில் கிடந்தாலும் குனிந்து எடுக்க மாட்டேன் என்கிறவன். படத்தில் ஃப்ரோடோவைப் பிடித்துத் தன் நகரத்துக்கு இழுத்துப் போகிறான். எல்லாரையும் ஆட்டி வைக்கும் மோதிரம் ஒருவனை மட்டும் தொடாமல் விட்டால் அதன்மேல் உள்ள பயம் போய்விடும் என்பது திரைக்கதை எழுதியவர்களின் கணக்கு. போதாததற்குச் சிலந்திக் காட்சியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால், இரண்டாவது படத்தில் ஃப்ரோடோ பக்கம் ஓர் உச்சகட்டம் தேவைப்பட்டது. கணக்கு சரிதான். ஆனாலும், நல்லவன் ஒருவன் சோதனையில் தடுமாறாமலே நல்லவனாக இருக்க முடியும் என்பதை நாவல் நம்பியது, படம் நம்பவில்லை.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதே இல்லை. நாவலில் ஃப்ரோடோவுடன் கிளம்பிய தோழர்கள் பிரிந்த பிறகு, போர் நடக்கும் பக்கத்தை முதலில் முழுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் டோல்கீன் பின்னால் போய் ஃப்ரோடோவையும் சாமையும் எடுப்பார். போர்முனையில் எதிரியின் தூதன் ஃப்ரோடோவின் கவசத்தைத் தூக்கிக் காட்டும்போது, அவன் உயிரோடு இருக்கிறானா என்பது நமக்கும் தெரியாது. படம் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. அதில் விறுவிறுப்பு உண்டு. ஆனால் நாம் எல்லாம் தெரிந்தவர்களாகப் பார்க்கிறோம். நாவலில் நாமும் அந்தப் போர்வீரர்களைப் போல இருட்டில் நிற்கிறோம்.

அக்கா மகன் இதையெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டான். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். பத்து வயதில் படத்தைப் பார்த்துவிட்டு, ப்ளஸ் ஒன் லீவில் புத்தகத்தைத் தொட்டான். "சித்தி, நூறு பக்கம் போயும் இன்னும் ஊரையே தாண்டல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவனுக்குப் படம்தான் மூலம், புத்தகம் அதன் நீட்டி இழுத்த பிரதி. எனக்கு நேர் எதிர். எது முதலில் மனசுக்குள் போகிறதோ அதுவே அசலாக உட்கார்ந்துவிடுகிறது. படித்த காலத்தில் நான் நியூசிலாந்தைப் பார்த்ததில்லை, படங்களில்கூட. நாவலில் ஹாபிட்டுகள் நுழையும் பழைய காடு எனக்கு லாங்வுட் சோலைதான். கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே 116 ஹெக்டேரில் நிற்கும் சோலைக்காடு. உள்ளே போனால் பகலிலும் வெளிச்சம் பச்சையாகத்தான் விழும், அடிமரமெல்லாம் பாசி. 2001இல் வந்த படம் அந்தக் காட்டை எடுத்துவிட்டு வேறு காட்டை வைத்தது. அழகான காடுதான். ஆனால் என்னுடையதை இழந்துவிட்டேன். இப்போது நாவலைத் திறந்தாலும் நடிகர்களின் முகம்தான் வருகிறது. படித்தவர்களின் எரிச்சலில் பாதி இந்த இழப்புதான் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லத் தெரியாமல்தான் "அது மாற்றிவிட்டார்கள், இது மாற்றிவிட்டார்கள்" என்று பட்டியல் போடுகிறோம்.

இருந்தாலும் படத்தின் தோற்றத்தை வாசகர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். ஆலன் லீ, ஜான் ஹோவ் என்ற இரண்டு ஓவியர்கள் அதற்கு முக்கியக் காரணம். படத்துக்குப் பல வருஷம் முன்பே டோல்கீன் உலகை வரைந்து பேர் வாங்கியவர்கள். ஜாக்சன் அவர்களையே நியூசிலாந்துக்கு வரவழைத்தார். அதனால் அந்தக் கோட்டைகளும் ஊர்களும் வாசகர்களுக்கு ஏற்கெனவே பார்த்த இடம் போலவே இருந்தன. ஹாவர்ட் ஷோரின் இசையைப் பற்றியும் அதிகம் சண்டை இல்லை.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன்.

மோதிரம் அழிகிறது, ராஜா முடிசூடுகிறார், நான்கு ஹாபிட்டுகளும் ஊருக்குத் திரும்புகிறார்கள். நாவலில், எல்லைக்கு வந்ததும் மந்திரவாதி கண்டால்ஃப் விலகிக்கொள்கிறார். உங்கள் ஊர்ப் பிரச்சினையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் இத்தனை நாள் பழகியிருக்கிறீர்கள் என்கிறார். உள்ளே போனால் ஊர் ஊராக இல்லை. சாலையோர மரங்களை வெட்டிவிட்டார்கள். பழைய ஆலை இருந்த இடத்தில் பெரிய செங்கல் ஆலை புகை கக்குகிறது, ஓடைத் தண்ணீர் கெட்டுவிட்டது. விளைச்சலை யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஊர்த்திடலில் நின்ற பெரிய மரம், நாவலின் தொடக்கத்தில் விருந்து நடந்த மரம், வெட்டுண்டு கிடக்கிறது. எரிமலையில் கலங்காத சாம் அதைப் பார்த்ததும் அழுதுவிடுகிறான். பிறகு ஊரைத் திரட்டிச் சண்டை போடுகிறார்கள். ஹாபிட்டுகளில் 19 பேர் சாகிறார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தவன், தோற்று ஓடிவந்த மந்திரவாதி சாருமான்.

படத்தில் இதெல்லாம் கிடையாது. ஊர் போட்டது போட்டபடி இருக்கிறது.

ஏன் விட்டார்கள் என்பது விளங்காமல் இல்லை. மோதிரம் அழிந்ததும் கதையின் உச்சம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்தால் பார்ப்பவர்கள் உட்கார மாட்டார்கள். இப்போதே அக்கா நாலு தடவை எழுந்தார், படம் வந்தபோது விமர்சகர்களும் முடிவுகள் அதிகம் என்றுதான் சொன்னார்கள். சினிமாவுக்கு ஒரு உச்சி போதும். மலைத்தொடர் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் தாங்காது.

ஆனால் டோல்கீனுக்கு அது ஒட்டுப்போட்ட அத்தியாயம் இல்லை. நாவலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், ஆரம்பத்திலிருந்தே தீர்மானித்திருந்த இன்றியமையாத பகுதி அது என்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தைக் குறித்து எழுதியது என்ற பேச்சையும் மறுக்கிறார். அது தன் சொந்த அனுபவத்திலிருந்து வந்தது, ஆனால் இன்னும் பழைய அனுபவம், சிறுவயதில் தான் வாழ்ந்த கிராமப்புறம் தனக்குப் பத்து வயது ஆவதற்குள் அழிந்துகொண்டிருந்தது என்று சொல்கிறார். அவர் வளர்ந்தது பர்மிங்காமுக்கு வெளியே இருந்த ஒரு சின்ன ஊர், அங்கே குளத்தோடு ஒரு மாவு ஆலை இருந்தது.

எங்கள் மலையில் பிறந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் கற்பனையாகவே படாது. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் ஏறி வந்தபோது இந்த மேடுகளில் பெரும்பாலும் புல்வெளியும், மடிப்புகளில் சோலையும்தான் இருந்தன. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது, யூகலிப்டஸ். விறகுத் தட்டுப்பாட்டுக்காக நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரமும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்காகப் புல்வெளி இருந்த இடங்களில் இன்னும் நட்டார்கள். தேயிலை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே வந்தது. தைல வாசனையும் தேயிலைப் பச்சையும்தான் நீலகிரி என்று சுற்றுலா வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஊற்று வற்றியதை வயசானவர்கள் சொல்வார்கள். கற்பூர மரம் நட்ட நீர்ப்பிடிப்பில் ஓடைக்கு வரும் தண்ணீர் குறைகிறது என்பதைக் கிளென்மார்கனில் நடந்த ஆய்வுகளும் காட்டின. கத்தியின்றி, போரின்றி, நாள்கணக்கு இல்லாமல் நடந்தது இது. சாருமான் என்று யாரையும் விரல் நீட்ட முடியாது. அதனால்தான் திரும்பி வந்தவன் வெட்டிய மரத்தைப் பார்த்து அழும் அந்தப் பக்கம், எந்தப் போர்க்களத்தையும்விட எனக்கு உண்மையாக இருக்கிறது.

மரங்கள் விஷயத்தில் படம் இன்னொரு இடத்திலும் என்னை நோகடித்தது. நடக்கும் மரங்களான என்ட்டுகள் நாவலில் மூன்று நாள் கூடிப் பேசித் தாங்களே சாருமானை எதிர்த்துக் கிளம்புகின்றன. அவன் வெட்டிய மரங்களில் பல விதையிலிருந்தே தனக்குத் தெரிந்தவை என்கிறது அவற்றின் தலைமை மரம், ட்ரீபியர்ட். படத்திலோ போருக்கு வரமாட்டோம் என்று முடிவு செய்துவிடுகின்றன. ஹாபிட்டுகளில் ஒருவனான பிப்பின் தந்திரமாக அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டிய பிறகுதான் வெட்டுண்ட காட்டைப் பார்த்துக் கொதிக்கின்றன. ஹாபிட்டுகளுக்கு ஒரு வேலை கொடுக்கச் செய்த மாற்றம். ஆனால் காட்டைக் காப்பவனுக்குத் தன் காட்டில் நூற்றுக்கணக்கான மரம் போனது தெரியாமல் இருக்குமா?

சாமுக்குக் கிடைத்த பரிசும் மாறிவிட்டது. நாவலில் கலாட்ரியல் என்ற எல்ஃப் இனத் தலைவி அவனுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுக்கிறாள், உள்ளே அவள் தோட்டத்து மண்ணும் ஒரு விதையும். படத்தின் நீண்ட பதிப்பில் அவனுக்குக் கயிறுதான் கிடைக்கிறது. வரப்போவதைக் காட்டும் அவளது மாயநீரில், படத்தில் ஷயர் எரிவதை ஃப்ரோடோ காண்கிறான். நாவலில் மரங்கள் விழுவதைக் காண்பது சாம், தோட்டக்காரன். விதையும் இல்லை, அழிவைக் கண்ட கண்ணும் அவனுடையது இல்லை என்றான பிறகு, ஊர் திரும்பும் அந்த அத்தியாயத்துக்கு அங்கே இடமே இல்லாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இதையெல்லாம் அன்று இரவு கொஞ்சம் ஆவேசமாகவே சொல்லி முடித்தேன். அப்போதுதான் பெரியப்பா பேசினார்.

"ஏம்மா, அந்தக் கடையில உக்காந்திருந்தாங்களே நாலு பேரும், அது கதைப் புத்தகத்துல இருக்கா?"

படத்தில் ஊர் திரும்பியதும் நான்கு பேரும் வழக்கமான மதுக்கடையில் போய் உட்காருவார்கள். சுற்றிலும் சிரிப்பும் பேச்சும். ஒருவர் கொண்டுவந்த பெரிய பூசணியைத்தான் எல்லாரும் வியந்து பார்ப்பார்கள். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கோப்பையைத் தூக்குவார்கள், அவ்வளவுதான்.

அப்படியே இல்லை என்றேன்.

"அதுதான் நிஜம். லீவுல வந்தா ஊரு அப்படியேதான் இருக்கும். உருளைக்கிழங்கு என்ன விலை போச்சு, யாரு வீட்ல கல்யாணம், இதத்தான் பேசுவாங்க. நமக்குத் தொண்டை வரைக்கும் வரும், சொல்ல மாட்டோம்."

இந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். விட்டுப்போன அத்தியாயத்தின் இடத்தில் வைத்த ஒப்புக்குச் சப்பாணி என்றுதான் நினைத்திருந்தேன். டோல்கீனும் சிப்பாயாக இருந்தவர். முதல் உலகப் போரில், 1916இல், சோம் போர்க்களத்தில் இருந்தார். 1918க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் போய்விட்டார்கள் என்று அதே முன்னுரையில் எழுதியிருக்கிறார். நாவலிலும் ஃப்ரோடோவை ஊர் பெரிதாக மதிப்பதில்லை. சாமுக்கு அது வலிக்கிறது என்ற வரி இருக்கிறது. ஊர் மாறிப்போவது ஒரு துக்கம், ஊர் மாறாமல் இருக்க நாம் மாறிப்போவது இன்னொரு துக்கம். நாவலில் இரண்டும் உண்டு, படம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு வசனமே இல்லாமல் சொல்லிவிட்டது. என் வருத்தம் போகவில்லை. ஆனால் படம் அந்த அத்தியாயத்தைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று இனி சொல்ல மாட்டேன்.

இதே இயக்குநர் எடுத்து 2012 முதல் 2014 வரை வந்த 'தி ஹாபிட்' படங்களுக்கு எழுந்த எதிர்ப்பு வேறு வகை. அங்கே விட்டது குறை இல்லை, சேர்த்ததுதான் குறை. குழந்தைகளுக்கென்று 1937இல் வந்த முந்நூறு பக்கப் புத்தகத்தை மூன்று படமாக இழுத்தார்கள், நாவலில் இல்லாத காதலைச் சேர்த்தார்கள், நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 48 எடுத்ததில் பலருக்கு அது டிவி சீரியல் போலத் தெரிந்தது. அந்தப் படங்களுக்காகப் பெரியப்பாவை மூன்று சனிக்கிழமை உட்காரவைக்க எனக்கு மனமில்லை.

அதற்குப் பதிலாக அடுத்த சனிக்கிழமை, விட்டுப்போன அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். அக்கா அவரைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திடல் மரம் விழுந்து கிடக்கும் இடத்தில் கண்ணைத் திறந்தார். சண்டை முடிந்து, சாம் பெட்டியைத் திறந்து, மரம் போன இடங்களிலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மண்ணில் ஒரு துகள் வைப்பதையும், விதையைத் திடலில் ஊன்றுவதையும் சொன்னேன். வசந்தத்தில் அது முளைத்துப் பொன்னிறமாகப் பூத்தது, அந்தப் பக்கத்திலேயே இல்லாத அபூர்வ மரம், தூரத்திலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள் என்றேன்.

"அப்ப அது வெளியூர் மரமா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. கற்பூர மரத்தின்மேல் இவ்வளவு கோபம் வைத்திருக்கும் நான், சாம் நட்ட மரமும் ஷயரின் மரம் இல்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. புத்தகத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். அந்த வகை மரம் ஒன்றுதான், திடலில் மட்டும். மற்ற இடங்களில் எல்லாம், ஊர் நேசித்த மரம் நின்ற இடம் பார்த்துச் சாதாரணக் கன்றுகளையே நட்டிருக்கிறான். அதைச் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுதானே? அப்ப சரி" என்றார் பெரியப்பா. "மேல சொல்லு."